வெறுங்கை டீ

வேப்பூர் பஸ் வந்து நின்றதும் அதன் கூரையிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். மேலே கட்டியிருந்த கூடைகளை எல்லாம் கீழே நின்றவரிடம் கொடுத்து முடித்துவிட்டு, பஸ்ஸின் முதுகில் பதித்திருந்த இரும்பு ஏணியில் கால் வைத்தார். முகம் பஸ்ஸைப் பார்த்தபடி இருந்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த படி எங்கே என்று காலாலேயே தேடித் தேடி இறங்கினார். தரை தட்டியதும் வேட்டியை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். யாரும் சிரிக்கவில்லை. என்னைத் தவிர யாரும் அவரைப் பார்க்கக்கூட இல்லை.

பஸ்ஸுக்கு ஏணி இருக்கிறது. லாரிக்கு ஏன் இல்லை?

இவ்வளவுதான் யோசனை. ஆனால் அன்று விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, உலகத்தில் வேறு யாருக்குமே தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டது போலிருந்தது. பாதி டீயைக் கொட்டிவிட்டு சைக்கிளை எடுத்தேன். எங்கே போவது என்று தெரியாமலே ரயில்வே கேட் வரை மிதித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது காது மடல் சுடுகிறது. இடது கையில் மாவுக் கட்டோடு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டுக்குள் அரிக்கிறது. அரிப்பைக்கூட யாருக்கும் தெரியாமல்தான் சொறிந்துகொள்கிறேன்.

பீங்கான் டிப்ளமா முடித்த கையோடு, தொழிற்பேட்டையில் இருந்த ஒரு ஜாடிக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. மேல்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி வெள்ளையுமாக இருக்குமே, அந்த ஊறுகாய் ஜாடிகள். சூளையிலிருந்து வந்ததை வைக்கோல் சுற்றி லாரியில் ஏற்றி அனுப்பும் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி என் தாய்மாமன். என் சொந்த ஊர் திட்டக்குடிப் பக்கம் என்பதால் விருத்தாசலத்தில் அவர் வீட்டிலேயே தங்கியிருந்தேன். மேஸ்திரியின் அக்கா மகன், அதே சமயம் பேனா வைத்த சூப்பர்வைசர். அதனால் ஆட்கள் என்னை ‘மாப்ள சார்’ என்று கூப்பிட்டார்கள். அந்த ‘சார்’ எப்போதும் கொஞ்சம் இழுத்தே வரும்.

லாரியில் ஏற்றும் முறையைச் சொல்ல வேண்டும். காலியாக இருக்கும்போது பின்னால் ஒரு பெரிய பலகையைச் சாய்த்துப் போடுவார்கள். ஜாடியைத் தோளில் வைத்துக்கொண்டு அதன்மேல் ஏறுவார்கள், இறங்குவார்கள். லாரி நிறைந்ததும் பலகையை எடுத்துவிட்டுப் பின்கதவைச் சாத்திவிடுவார்கள். மேலே நின்று கடைசி அடுக்கை அடுக்கி, வைக்கோல் பரப்பி, கயிறு இழுத்துக் கட்டியவர்கள் அங்கேயே நிற்பார்கள். அவர்கள் இறங்குவதற்கு ஒன்றும் கிடையாது. பக்கவாட்டில் காலைத் தொங்கவிட்டு, பின் டயர்மேல் ஒரு மிதி, அங்கிருந்து தரைக்கு ஒரு குதி. ஊரெல்லாம் லாரியிலிருந்து அப்படித்தான் இறங்குகிறார்கள். ஆனால் எங்கள் கம்பெனி முற்றத்தில் களிமண் லாரிகளும் வந்து கொட்டும். வெள்ளைக் களிமண் டயரெல்லாம் அப்பியிருக்கும். காய்ந்திருந்தால் பவுடர், ஒரு தூறல் விழுந்தால் சோப்பு.

ஜாடியோடு ஏறும்போது விழுந்தவர்கள் குறைவு. வேலை முடிந்து வெறுங்கையோடு இறங்கும்போதுதான் விழுவார்கள். அப்படி விழுந்தால் எங்கள் முற்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கோடு விழுந்தவனுக்கு மரியாதை. ஓடிப்போய்த் தூக்குவார்கள், சோடா வாங்கிக் கொடுப்பார்கள், அரை நாள் உட்கார வைப்பார்கள். வெறுங்கையோடு விழுந்தவனை யாரும் தொடமாட்டார்கள். அவனே எழுந்திருக்க வேண்டும், எழுந்து சிரிக்க வேண்டும், பிறகு எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும். அதற்கு வெறுங்கை டீ என்று பெயர். டீக்கடைக்காரருக்கே அந்தப் பெயர் தெரியும். “இன்னைக்கு யாரு வெறுங்கை?” என்று கேட்டுக்கொண்டுதான் கிளாஸ் கழுவுவார்.

விளையாட்டுதான். ஆனால் அந்த விளையாட்டுக்குப் பயந்து, கணுக்கால் திரும்பியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நடந்தார்கள். சிலர் விழும்போதே பக்கத்தில் இருக்கும் ஜாடியை இழுத்துக்கொண்டு விழுந்தார்கள். உடைந்த ஜாடி மார்பில் குத்தினாலும் சரக்கோடு விழுந்ததாகிவிடும் அல்லவா? முதல் மாதம் இதைப் பார்த்தபோது, படிக்காத ஜனங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இந்த வரியை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று பார்க்கிறேன். இருக்கட்டும்.

எனக்கு ஏணி வேண்டியிருந்ததற்குக் காரணம் மாமாவின் கால். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு லோடுக்குத் துணையாகப் போனவர், வேப்பூரில் சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் லாரியிலிருந்து இறங்கும்போது விழுந்திருக்கிறார். கூட எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. டிரைவர் வெளியூர்க்காரர். மாமா எழுந்து, சாப்பிட்டு, ஊர் திரும்பி, மறுநாள் வேலைக்கும் வந்துவிட்டார். வலது கணுக்கால் மட்டும் அதன்பிறகு சரியாகவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் அத்தை கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, ஆமணக்கு இலையை வாட்டி அதில் வைத்துக் கட்டுவார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், “நொண்டி மேஸ்திரின்னு ஒருத்தன் சொல்லிட்டான்னா அப்புறம் எவன்டா நான் சொல்றத கேப்பான்?” என்பார். மேலே நின்று கடைசிக் கயிறு கட்டுவது மேஸ்திரியின் வேலை. அதனால் தினமும் கடைசியாகக் குதித்து இறங்குவதும் அவர்தான். இடது காலில் குதித்து, வலது காலைச் சும்மா தரையில் வைப்பது மாதிரி வைப்பார். நான் மட்டும் கண்ணை மூடிக்கொள்வேன். இன்னொரு முறை அந்தக் கால் மடங்கினால் மாமா மறுபடி லாரி ஏற முடியாது என்பது எனக்கும் அத்தைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

கடைத்தெருவில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாயிடம், உடைத்துப் போட்ட பஸ் ஒன்றின் ஏணி இருந்தது. அவருடைய மூத்த மகன் அப்போதுதான் துபாய்க்குக் கப்பலேறியிருந்தான். அங்கே கப்பல் சரக்கு இறக்குகிறானாம். அதனால் சரக்கு, லாரி என்று நான் ஆரம்பித்ததும் ஆர்வமாகக் கேட்டார். கம்பியின் தலையை வளைத்துக் கொக்கி வைத்தால் லாரியின் பக்கப் பலகையில் மாட்டலாம், அடுத்த லாரிக்குக் கழற்றிக் கொள்ளலாம் என்று தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஏணி நல்லாத்தான் இருக்குது தம்பி. அதுல எறங்கற ஆள எங்க வாங்குவ?”

வெல்டிங் பட்டறையில் கொக்கி வைத்து, பச்சை பெயின்ட் அடித்து, சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தேன். ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்களில் நெட்டையாக ஒருவர் உண்டு, முற்றத்துக் கேலியெல்லாம் அவர் வாயிலிருந்துதான் பிறக்கும். ஏணியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மாப்ள சார், பொண்ணு ஊட்டுக்காரங்க யாராச்சும் லாரி ஏறிப் பாக்க வர்றாங்களா?” என்று கேட்டார். மாமாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

நான் விடவில்லை. ஏணியை மாட்டி, ஏறி, இறங்கிக் காட்டினேன். முகம் லாரியைப் பார்க்க வேண்டும், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், ஒரு கால் நன்றாக ஊன்றிய பிறகே மறு காலை எடுக்க வேண்டும் என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். வெறுங்கைதான் இறங்குகிறவனுக்குப் பாதுகாப்பு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று முடித்தபோது எனக்கே புல்லரித்தது. அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து ஏணியில் துண்டுகளும் சாப்பாட்டுத் தூக்குகளும் தொங்கின. குனியாமல் எடுக்க வசதியாக இருக்கிறது என்று நெட்டையர் பாராட்டினார். மாமா ஏணிக்கு ஒரு முழம் தள்ளி, அதைத் தொடாமல் குதித்து இறங்கினார்.

வீட்டில் கெஞ்சினேன். யாருக்காகச் செய்தேன் என்று தெரியாதா என்று கேட்டேன். “தெரியுது. அதனாலதான் தொட மாட்டேங்கறேன்” என்றார். முதலில் யார் அந்த ஏணியைப் பிடித்து இறங்குகிறார்களோ, அவர்கள் காலில் கோளாறு என்று எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்களாம். எனக்குக் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு நான் பிடிவாதமாகத் தினமும் ஒரு சாக்குச் சொல்லி மேலே ஏறி, ஏணியில் இறங்கினேன். கடைசி அடுக்கில் வைக்கோல் போதுமா என்று பார்ப்பேன். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் பழகிவிடுவார்கள் என்று நம்பினேன். நான் இறங்கும்போது யாராவது கீழிருந்து, “பாத்து பாத்து, பொடவ தடுக்கிடப் போவுது” என்பார்கள். நான் சிரிப்பேன். சிரிக்கச் சிரிக்க ஏணியில் என் கால் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்தது. பிறகு கடைசிப் படிகளைக் குதித்தேன். பிறகு ஒரு கையை விட்டுவிட்டு இறங்கினேன். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்று மத்தியானம் தூறல் போட்டு விட்டிருந்தது. லாரி நிறைந்து, பலகையை எடுத்துவிட்டார்கள். மேலே மாமாவும் நானும். கீழே டீ வந்துவிட்டது. யாரோ ஏணியை லாரியின் மறுபக்கம் மாட்டியிருந்தார்கள். ஜாடிகளைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். எல்லாரும் இந்தப் பக்கம் கிளாஸும் கையுமாக நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். “மாப்ள சாருக்கு ஏணி கொண்டாங்கடா” என்று நெட்டையர் சொன்னார். புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, தினமும் சொல்வதுதான். ஆனால் அன்று என்னவோ, வேண்டாம் என்று கை காட்டினேன். பக்கவாட்டில் காலைத் தொங்கவிட்டு, அவர்களைப் போலவே லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டயரில் மிதித்தேன்.

டயர் சோப்பாக இருந்தது.

கால் வழுக்கிய கணத்தில் பிடிப்பதற்குக் கயிறு இருந்தது. காதுக்குப் பக்கத்திலேயே இருந்தது. என் கை அதைப் பிடிக்கவில்லை. கயிற்றுக்கு மேலே விளிம்பில் இருந்த ஒரு ஜாடியைப் பிடித்து இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டது. நான் சொல்லி அது செய்யவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் விழுந்து, ஜாடி உடைந்து, மணிக்கட்டு எதிர்ப்பக்கமாக மடங்கிக் கிடக்க, என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? அம்மா இல்லை.

“கையில ஜாடி இருந்துச்சு” என்றேன்.

அதை என் வாய்தான் சொன்னது. சேற்றில் கிடந்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி.

யாரும் சிரிக்கவில்லை. நெட்டையர்கூட. சிரித்திருந்தால் தேவலை. மேலிருந்து மாமா குதித்தார். எப்போதும் போல இடது காலில் குதிக்க அவருக்கு நேரமில்லை. இரண்டு காலிலும் வந்து விழுந்தார். ஒரு சின்னச் சத்தம் கேட்டது. உடைந்த ஜாடித் துண்டை யாரோ மிதித்த சத்தம் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரையும் நிமிர்ந்து பார்த்து, தீர்ப்பு மாதிரிச் சொன்னார்:

“சரக்கோட வுழுந்துட்டான். டீ கெடையாது.”

சோடா வந்தது. ரிக்‌ஷா வந்தது. துணைக்குப் போகிறேன் என்று மாமா முதலிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். அதனால் அவர் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தாய் என்று டாக்டர் கேட்டார். ஜாடி தூக்கிக்கொண்டு இறங்கினேன் என்றேன். கட்டுப் போடும் வரைக்கும் மாமா பெஞ்சில் வலது காலை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரையும் பாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முறைத்தார். மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கட்டுப் போட்ட என் கையைப் பார்த்தார், மாமாவின் வீங்கிய காலைப் பார்த்தார்.

“ஊரு ஒலகத்துக்கெல்லாம் ஜாடி அனுப்பறீங்க, ரெண்டு பேருக்கும் லாரிய வுட்டு எறங்கத் தெரில” என்று சொல்லிவிட்டு ஆமணக்கு இலை பறிக்கப் போனார்.

மருமகனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மாமா லீவு சொல்லி அனுப்பினார். என் மாவுக் கட்டுக்குப் பின்னால் அவர் கால் ஒளிந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் எல்லாரும் பன்னும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார்கள். மாமா போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏணியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை மாப்ள சார் என்றும் கூப்பிடவில்லை, வெறும் சார் என்றார்கள். இழுவை இல்லாத சார். நெட்டையர் என் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “வுழும்போதுகூட ஜாடிய வுடல பாருங்க” என்றார். கேலி இருக்கிறதா என்று அவர் முகத்தில் தேடினேன். இல்லை. எனக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. போகும்போது மாமாவிடம், சாரைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேலையை நாங்கள் கவனிக்கிறோம், மெதுவாக வந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ‘மெதுவாக’ என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னார்கள்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் சொன்னேன்:

“மாமா, நான் வெறுங்கையோடதான் வுழுந்தேன்.”

“தெரியும். மேலதான நின்னுட்டு இருந்தேன்.”

“அவங்களுக்கும் தெரியுமா?”

“அவங்களுக்கு மட்டும் கண்ணு இல்லியா?”

பிறகு, வேலைக்குப் போனதும் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். மாமா போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“நீ வாங்கிட்டா நான் என்னாடா பண்றது? வேப்பூர்ல வுழுந்ததுக்கே நான் இன்னும் வாங்கல.”

சிரித்தார். முழுச் சிரிப்பு இல்லை. பிறகு, எனக்குச் சொன்ன பதில் அவருக்கே திரும்பி வந்துவிட்டது போல, ஆட்கள் போன தெருவைப் பார்த்தார். அவர்களுக்குக் கண் இருக்கிறது என்று சொன்னவர் அவர்தான். போர்வையைக் காலிலிருந்து எடுத்துவிட்டார். உடனே மறுபடி போர்த்திக்கொண்டார்.

நாளைக்குக் கட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். துணைக்கு மாமாதான் வருகிறார். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் நான் எப்படி விழுந்தேன் என்பதைச் சரியாகச் சொல்வேன். அதைச் சொன்ன வேகத்திலேயே, இவருக்கும் அதே கதைதான், கால் என்று சொல்லிவிடுவேன். முறைக்கட்டும். ஆஸ்பத்திரியில் எங்கள் ஆட்கள் யாரும் இருக்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் முற்றம். என் கட்டு அவிழ்வதற்கு முன்பாகவே, மாமா கால் ஊன்றலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாளே போய்விட வேண்டும். கட்டு இல்லாமல் இது நடக்காது. முதலில் டீ. கிளாஸ் எல்லார் கைக்கும் போன பிறகு, எதற்கு இந்த டீ என்று நானே பெயர் சொல்வேன். சிரிப்பார்கள். இந்த முறை அவர்கள் சிரிக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாகவே இருக்கிறது. பிறகு பலகை வழியாக மாமாவோடு மேலே போவேன். பலகையை எடுத்த பிறகு, ஒரு கையோடு நான் எப்படி இறங்குவது? யாராவது எனக்கு முன்னால் ஏணியில் இறங்கி, ஒரு படி கீழே நின்று என் இடுப்பைத் தாங்க வேண்டும். மேலே மாமாவைத் தவிர வேறு ஆள் இருக்காது. அவர் ஒருவரைத் தாங்குகிறவர், அப்படியே குதித்துவிட முடியாது. முகத்தை லாரிப் பக்கம் திருப்பி, கம்பியைப் பிடித்து, காலால் படியைத் தேடித்தான் இறங்கியாக வேண்டும். மருமகனைத் தாங்கி இறங்குகிறவரைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது.

இதுவும் ஒளிந்துகொள்வதுதான் என்று தெரிகிறது. ஒளிவில்லாமல் செய்ய இப்போதைக்கு எனக்கு டீ மட்டும்தான் வருகிறது. இன்று சாயங்காலம் ஏணியை வரவழைத்து, அதன் படிகளில் சணல் கயிறு சுற்றச் சொல்லி அத்தையிடம் கொடுத்திருக்கிறேன், கால் வழுக்காமலிருக்க. எதற்கு என்று மாமா கேட்கவில்லை. கயிற்றை அத்தை தளர்வாகச் சுற்றுகிறார் என்று, ஏணியை வாங்கித் தன் மடியில் போட்டு இறுக்கிக்கொண்டிருக்கிறார்.